இருபது சீட்டு

லூர்துநாதனைக் கெட்டவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதுதான் இதில் வயிற்றெரிச்சல். கெட்டவன் ஒருத்தன் செய்திருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போகலாம். இவனோ பொய் சொல்ல மாட்டான், புறம் பேச மாட்டான், பரீட்சையில் பக்கத்துப் பையனின் தாளை எட்டிப் பார்க்க மாட்டான். பதினெட்டு வயதில் இவ்வளவு நல்லவனாக இருப்பது உடம்புக்கு ஆகாது என்று கிறிஸ்துதாஸ் அவனைக் கேலி செய்வான்.

முப்பத்து நாலாம் வருஷம். புதுச்சேரி டவுனில் சாமியார்கள் நடத்திய ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் கடைசி வகுப்பு. அங்கே பெரிய பையன்களுக்கு மாதா சபை என்று ஒன்று இருந்தது. கழுத்தில் நீல நாடா, நாடாவில் மாதா சுரூபம், சனிக்கிழமை சாயங்காலம் செபமாலை. சபைத் தலைவனைப் பிரெசிதான் என்பார்கள். பிரெஞ்சுக்காரன் ஊரில் வேறு என்னவென்று சொல்வார்கள்? அதுவரைக்கும் பெரிய வீட்டுப் பிள்ளைகளாகப் பார்த்துத்தான் பிரெசிதான் ஆவார்கள். சாமியார் தலையை ஆட்டுவார், மற்றவர்கள் கையைத் தட்டுவார்கள், முடிந்தது. அந்த வருஷம்தான் முதல் தடவையாகச் சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டார்கள். ஜெயித்தவன் அச்சாபீசில் எழுத்துக் கோக்கிற ராஜாங்கத்தின் மகன் லூர்துநாதன்.

சீட்டு, பெட்டி என்றால் அவனுக்கு அது விளையாட்டில்லை. ராஜாங்கத்தின் வலது கையில் இரண்டு விரல் வளைந்தபடியே நிற்கும். ஒரு எலெக்‌ஷனில், வோட்டுப் போடப் போன இடத்தில் தடியோடு நின்ற ஆட்கள், "சீட்டைக் குடு, நாங்களே போட்டுக்கறோம்" என்று கேட்டார்கள். மனுஷர் கையை மூடிக்கொண்டார். மூடின கையை வாசல்படியில் வைத்துத் தடியாலேயே இடித்தார்கள். லூர்துநாதனுக்கு அப்போது ஏழு வயது. துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்த அப்பா சொன்னது அவன் மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது: "ஒருத்தன் மனசுல இருக்கறத இன்னொருத்தன் கட்டாயப்படுத்தறது பாவம்டா. அது அவனுக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரிஞ்சா போதும்."

அதனால் இவன் பிரெசிதான் ஆனதிலிருந்து எல்லாவற்றுக்கும் சீட்டுத்தான். பெரிய வியாழனுக்கு யார் மெழுகுத்திரி பிடிப்பது, வேளாங்கண்ணிக்குப் போவதா வில்லியனூருக்குப் போவதா, எதுவானாலும் துண்டுக் காகிதம் கிழித்து நீட்டிவிடுவான். வேண்டுமென்றால் 'உய்', வேண்டாமென்றால் 'நோன்'. பிரெசிதான் மட்டும் போட மாட்டான். நடத்துகிறவன் பக்கம் சாயக் கூடாது என்பது அவனே வைத்துக்கொண்ட சட்டம். பையன்களுக்கு இது பிடித்திருந்தது. முதல் தடவையாக ஒருத்தன் தங்களை மனுஷனாக மதித்துக் கேட்கிறான் என்று இருந்தது.

கிறிஸ்துதாஸ் சபைக்குள் வந்ததும் சீட்டால்தான். உழவர்கரைப் பக்கத்துச் சேரியிலிருந்து தினமும் நடந்து வருகிறவன். கணக்கில் புலி, வாயில் அதைவிடப் புலி. சேரிப் பையன் யாரும் அதுவரை நீல நாடா போட்டதில்லை. லூர்துநாதன் துணிந்து கேட்டான். பிரெசிதானைத் தவிர்த்து இருபது பேர். பன்னிரண்டு உய், எட்டு நோன். அன்றைக்கு இவனுக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! கிறிஸ்துதாஸ்தான் நாடாவைத் தடவிக்கொண்டே, "எட்டுப் பேருக்கு என்னைப் புடிக்கல. அது யாருன்னு தெரியாததால இருபது பேரையும் பார்த்து இளிக்க வேண்டியிருக்குதுடா" என்றான்.

"அதான்டா அதுல அழகு" என்றான் இவன்.

"உனக்கு அழகு. எனக்குத் தாடை வலிக்குது."

கார்த்திகை மாத மழையில் கிறிஸ்துதாஸ் விஷக்காய்ச்சலில் படுத்தான். இரண்டு வாரமாகியும் இறங்கவில்லை. லூர்துநாதன் பள்ளிக்கூடம் விட்டு நேராக உழவர்கரைக்கு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவான். மூன்றாவது வாரம் ஒருநாள் போனபோது சேரிக் கோயில் உபதேசியார் வெளியே வந்துகொண்டிருந்தார். சாமியார் வந்து, சாகக் கிடக்கிறவனுக்கான அவஸ்தை எண்ணெய் பூசிவிட்டுப் போய்விட்டார் என்று சொன்னார். உள்ளே, பாயோடு பாயாகக் கிடந்தவன் இவனைப் பார்த்ததும் சிரித்தான்.

"சபை சட்டத்தைப் படிச்சியாடா பிரெசிதான்? பதினோராவது சட்டம்."

இவனுக்குத் தெரியும். சபையில் ஒருத்தன் செத்தால், மற்றவர்கள் எல்லாரும் நாடா போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்கே போக வேண்டும். சபைக்கென்று கறுப்பு வெல்வெட்டுப் போட்ட தூம்பா இருக்கிறது. அதில் பெட்டியை வைத்து ஆறு பேர் தோள் கொடுத்து, பெரிய தெரு வழியாக டவுன் கோயிலுக்குத் தூக்கி வர வேண்டும்.

"இன்னாடா பேச்சு இது. சும்மா கெட" என்றான் லூர்துநாதன்.

"எனக்கில்லடா. எங்கம்மாவுக்கு. தெரியாத்தனமா சொல்லித் தொலைச்சிட்டேன். எம்புள்ளைய டவுன் புள்ளைங்க தோள்ல தூக்கினு போவாங்கன்னு தெரு முழுக்கச் சொல்லிக்கினு இருக்குது. செத்தா அழுவுமா, பெருமைப்படுமான்னே தெரியல." சிரிக்கப் போய் இருமல் வந்தது. இருமல் நின்றதும் முகத்தில் சிரிப்பு இல்லை. "வருவீங்களாடா?"

"வருவோம்டா" என்றான் லூர்துநாதன். "நான் இருக்கேன் இல்ல?"

கிறிஸ்துதாஸ் கண்ணை மூடிக்கொண்டான். அவன் அம்மா மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் உயிர் போனது. பத்து மணிக்கு அவன் தங்கை புஷ்பமேரி பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டாள். பதினைந்து வயசுப் பெண். முந்தானையைத் தலையில் போட்டு மழையில் ஓடி வந்திருக்கிறாள். அழவில்லை. "அண்ணன் போய்டுச்சு. நாலு மணிக்கு எடுக்கணும்னு உபதேசியார் சொன்னாரு. அம்மா உங்களையெல்லாம் வரச் சொல்லுது" என்றாள். லூர்துநாதன் அழுதுவிட்டான். அழுதுகொண்டே, "நாலு மணிக்கு முன்னாடியே வந்துடுவோம்னு சொல்லும்மா" என்றான். அவள் வந்த வழியே ஓடினாள்.

சபையைப் பார்த்துக்கொள்ளும் சாமியார் காரைக்காலுக்குப் போயிருந்தார். கேட்பதற்கு ஆளில்லை, தடுப்பதற்கும் ஆளில்லை. பதினோராவது சட்டம் எழுத்தில் இருக்கிறது, பிரெசிதான் இவன். தூம்பாவை எடு என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

இரண்டு மணிக்குச் சபை அறையில் எல்லாரையும் கூட்டினான். விஷயத்தைச் சொன்னதும் நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நொத்தேர் வீட்டு அருளானந்தம்தான் முதலில் வாயைத் திறந்தான். நொத்தேர் என்றால் பத்திரம் பதிகிறவர். டவுனில் பெரிய குடும்பம்.

"எனக்கு அவன்மேல ஒண்ணும் கெடையாது லூர்து. அவன் பேச்சுக்கு என்னைவிட அதிகமாச் சிரிச்சவன் யாரு, நீயே சொல்லு. நாலு நாளா அவனுக்காகப் பூசைக்குப் போறேன். ஆனா சேரிக்குள்ள போயி, தோள்ல தூக்கிக்கிட்டுப் பெரிய தெரு வழியா வர்றதுன்னா... எங்க தாத்தா மாடியில நின்னு பார்ப்பாருடா. என்னை வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டாங்க."

"சட்டம் இருக்குதேடா."

"சட்டம் எழுதினப்ப சபையில யாரு இருந்தாங்க? இவன் வருவான்னு நெனச்சா எழுதினாங்க?" அருளானந்தம் குரலைத் தணித்தான். "உங்க அக்காவைப் பார்க்க அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்களாமே. அவங்களும் பெரிய தெருதான். உனக்காகவும்தான் சொல்றேன்."

லூர்துநாதன் சுற்றிலும் பார்த்தான். சிலர் தரையைப் பார்த்தார்கள், சிலர் ஜன்னலைப் பார்த்தார்கள்.

"எதுக்கெடுத்தாலும் சீட்டு எழுதச் சொல்லுவியே. இதுக்கும் எழுதச் சொல்லேன்" என்றான் அருளானந்தம். "மெழுகுத்திரிக்கு எங்களைக் கேட்ட. இதுக்குக் கேக்காம எங்க கழுத்தைப் புடிச்சுத் தள்ளினா, நீ மட்டும் என்ன நியாயஸ்தன்?"

அங்கேதான் பையன் மாட்டிக்கொண்டான். கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது என்றதும் தடியோடு நின்ற ஆட்கள் அவன் கண்முன் வந்துவிட்டார்கள். நானும் அவர்களும் ஒன்றா? கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு போனால் அது கிறிஸ்துதாசுக்கு மரியாதையா? ஏற்கெனவே பன்னிரண்டு பேர் அவனுக்கு 'உய்' எழுதியவர்கள்தானே, இப்போது மட்டும் மாறவா போகிறார்கள்? இப்படியெல்லாம் கணக்குப் போட்டான். அட பாவி மகனே, "நான் போறேன், வர்றவன் வாடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா! ஒரு மூச்சு போதுமே அதற்கு. சொல்லியிருந்தால் பாதிப் பேர் பின்னாலேயே எழுந்து வந்திருப்பார்கள். இதைப் பிற்பாடு அவனே ஆயிரம் தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அன்றைக்கு அவன் எடுத்தது காகிதத்தை.

இருபது துண்டு கிழித்தான். ஒவ்வொருத்தனும் கையை மறைத்துக்கொண்டு எழுதினான். பெட்டியைக் கவிழ்த்தார்கள். எண்ணினார்கள். யாரோ ஒருத்தன் திரும்ப எண்ணச் சொன்னான், திரும்ப எண்ணினார்கள். ஒன்பது உய். பதினொன்று நோன்.

அதே இருபது பேர்தான். சபைக்குள் சேர்த்துக்கொள்ளப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தோளில் தூக்க ஒன்பது பேர்.

லூர்துநாதனுக்குத் துக்கம்தான். அதோடு, சொல்லவே நாக்கூசுகிறது, ஒரு ஓரத்தில் அப்பாடா என்றும் இருந்தது. முடிவு தன் கையை விட்டுப் போய்விட்டது, இனி அக்காவுக்கும் ஒன்றுமில்லை என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை அவன் அப்போது கவனிக்கவில்லை. கவனித்தபோது, சாகிறவரைக்கும் அதற்காகத் தன்னை மன்னித்துக்கொள்ளவும் இல்லை.

"சபையா இல்லாம, தனித்தனியா வர இஷ்டப்படறவங்க வரலாம்" என்றான். "ஒம்பது பேரு இருக்கீங்க. தூக்க ஆறு பேரு போதும்."

ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை. எப்படி எழுந்திருப்பான்? எழுந்து நின்றால் 'உய்' எழுதினவன் இவன்தான் என்று தெரிந்துபோகும். அந்த ஒன்பது பேரும் ஒருத்தரை ஒருத்தர் அறியாமல், தான் மட்டும் தனி ஆள் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்துப் பையன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு பேர் சேர்ந்தால் ஒரு முடிவு. ஒன்பது பேர் சேராவிட்டால் ஒன்றுமே இல்லை. பெஞ்சு ஒன்று கிறீச்சிட்டது. எல்லாரும் திரும்பினார்கள். அதில் இருந்தவன் காலை மாற்றிப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

சரி, அப்போதாவது ஓடினானா? இல்லை. கூட்டம் நடந்தால் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஒரு சட்டம். எழுதினான். இரண்டு தடவை மை கொட்டியது. சபை சார்பாகப் போகாதவன் நாடா போடக் கூடாது என்பது இன்னொரு சட்டம். நாடாவைக் கழற்றி மேஜை டிராயரில் வைத்துவிட்டுத்தான் கிளம்பினான். கோயில் மணி நாலு அடித்துவிட்டது.

மழை விடவில்லை. ரோடு முழங்கால் சேறு. நடக்கிற நடையில் அங்கே போய் என்ன சொல்வது என்று வார்த்தை கோத்துக்கொண்டே போனான். எந்த வார்த்தையும் நிற்கவில்லை.

சேரி வாசலிலேயே கூட்டம் தெரிந்தது. இரண்டு மணியிலிருந்து தயாராக இருக்கிறார்கள். பலகைப் பெட்டியை மூங்கிலில் கட்டி வைத்தாகிவிட்டது. தெரு ஆட்கள் ஆறு பேர் தோளில் துண்டு போட்டு நிற்கிறார்கள். எடுக்கவிடாமல் பிடித்து வைத்திருந்தது கிறிஸ்துதாஸ் அம்மாதான். "டவுன் புள்ளைங்க வருவாங்க. வாக்குக் குடுத்திருக்காங்க" என்று பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டதாம். இருட்டினால் குழியில் தண்ணீர் நின்றுவிடும் என்று உபதேசியார் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டார்.

இவன் தலையைப் பார்த்ததும் அந்தம்மா எழுந்தது. முகம் மலர்ந்தது, சாமி சத்தியமாக மலர்ந்தது. "வந்துட்டாங்க! நான் சொன்னேன் இல்ல?" இவனைத் தாண்டி ரோட்டைப் பார்த்தது. "மத்தவங்க பின்னால வர்றாங்களா தம்பி? நாடா எங்க, நீ போட்டுக்கலியா?"

"சபையில... கூட்டம் போட்டோம்மா" என்றான்.

"ஓ, கூட்டம் போட்டுட்டு வர்றாங்களா. மழ வேற" என்று அந்தம்மா தானே முடித்துக்கொண்டது.

புஷ்பமேரி அப்படி முடித்துக்கொள்ளவில்லை. அவள் இவன் கழுத்தைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து, அம்மாவுக்குக் கேட்காதபடி, "இன்னா கூட்டம்?" என்றாள்.

பொய் சொல்லத் தெரியாதவன் ஆயிற்றே. "சீட்டுப் போட்டோம். தூக்கலாமா, வேணாமான்னு."

"எங்கண்ணனயா?"

"ஒம்பது பேரு தூக்கலாம்னு எழுதினாங்கம்மா. பதினோரு பேரு..."

"நீங்க இன்னா எழுதினீங்க?"

"நான் பிரெசிதான். நான் எழுதக் கூடாது."

"அப்ப எங்கண்ணனுக்குன்னு நீங்க ஒரு சீட்டுக்கூடப் போடல" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம்.

"நான் தூக்கறேன்மா. என்னை வுடு, நான் தூக்கறேன்" என்று பெட்டிப் பக்கம் போனான். அவள் குறுக்கே நின்றாள்.

"இருங்க. கேட்டுட்டுச் சொல்றேன்." தோளில் துண்டோடு நின்ற ஆறு பேர் பக்கம் திரும்பினாள். இப்போதுதான் குரல் உடைந்தது. "இவரு எங்கண்ணனத் தூக்கலாமா, வேணாமா? தூக்கலாம்னா கையத் தூக்குங்க!"

ஆறு பேரும் திகைத்துப் போனார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருத்தரும் கையைத் தூக்கவில்லை. அந்த ஒரு நிமிஷம் லூர்துநாதன் நின்ற நிலை இருக்கிறதே, அது எதிரிக்கும் வரக் கூடாது. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலாம் என்று நின்றான்.

பெட்டியின் முன்பக்கம் தோள் கொடுக்க இருந்தவர் பக்கிரி. பக்கத்து வீட்டுக்காரர், செங்கல் சூளையில் வேலை, கிறிஸ்தவர்கூட இல்லை. அவர் புஷ்பமேரியின் தலையில் கையை வைத்து ஓரமாக நகர்த்தினார். "இதுல கேக்கறதுக்கு இன்னாம்மா இருக்குது? பொணத்தத் தூக்கறதுக்கு யாராவது யாரையாவது கேப்பாங்களா?" என்றார். அப்புறம் தன் இடத்தைக் காட்டி, "வா தம்பி, இங்க தோள் குடு. துண்ட மடிச்சுப் போட்டுக்க, மூங்கிலு அறுக்கும்" என்று தன் துண்டையே எடுத்து நீட்டினார்.

லூர்துநாதன் வாங்கிக்கொண்டான். சத்தம் போட்டு அழுதான். பக்கிரி சொன்ன அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல, சபையில் தனக்கு நோட்டும் பெட்டியும் பதினோரு சட்டமும் தேவைப்பட்டதே, அப்படியும் சொல்ல வாய் வரவில்லையே என்று அழுதான். ஆறு பேரில் ஒருத்தனாகக் குனிந்து தோள் கொடுத்தான். பெட்டி எழுந்தது. கிறிஸ்துதாஸ் எவ்வளவு இளைத்துப் போயிருந்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

டவுன் கோயிலுக்குப் போகும் ரோட்டை விட்டுவிட்டு, ஏரிக்கரை வழியாகச் சேரிக் கல்லறைக்குத் திரும்பினார்கள். உபதேசியார் முன்னால் சிலுவை பிடித்தார். பெண்கள் பின்னால் வந்தார்கள். இருட்டு கட்டிக்கொண்டு வந்ததால் தூக்கினவர்கள் எட்டி நடந்தார்கள்.

பாதி வழியில் கிறிஸ்துதாஸ் அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டது. அது வழியெல்லாம் திரும்பித் திரும்பி டவுன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறது. யாரும் அதற்கு விவரம் சொல்லவில்லை. புஷ்பமேரிகூடச் சொல்லவில்லை.

"ஏம்பா, கொஞ்சம் மெதுவாப் போங்களேன். மத்த புள்ளைங்க வந்து சேர்ந்துக்கட்டும். கூட்டம் முடிஞ்சிருக்கும் இந்நேரம்."

பக்கத்தில் நடந்து வந்த பக்கிரி, லூர்துநாதன் முகத்தைப் பார்த்தார். லூர்துநாதன் தலையை நிமிர்த்தவில்லை. ஆறு பேரும் நடையைக் குறைத்துக்கொண்டு, மழையில் மெதுவாகவே நடந்தார்கள்.